வித்தும் நிலமும்

"தம்பிப் பாப்பா எங்கிருந்து வந்தது?" என்று வீட்டில் ஒரு சிறு பிள்ளை கேட்டால், பெரியோர் புன்னகை செய்து வேறு பேச்சுக்குத் திரும்பிவிடுவது வழக்கம். ஆனால் அது சிறு பிள்ளைகளுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. உலகத்தின் பேரறிஞர் பலர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதனையே கேட்டு வந்தனர். அவர்களுக்கும் நேரான விடை கிடைக்கவில்லை. வானத்துக் கோள்கள் எவ்விதியின்படி இயங்குகின்றன என்பதை நியூற்றன் 1687ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டு நூலாக்கிவிட்டார். ஓர் உயிர் எந்தக் கணத்தில், எதனோடு எது சேர்வதால் தொடங்குகின்றது என்பதை மனிதன் கண்ணாற் கண்டதோ அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின்னர்தான். தொலைவிலுள்ள கோளை அறிந்தவன் தன் பிறப்பை அறியப் பட்ட பாட்டின் வரலாறே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வரலாற்றை ஒரு நீண்ட வழக்காகக் கருதலாம். பிள்ளை பெறுவதில் தந்தையின் பங்கு யாது, தாயின் பங்கு யாது என்பதே அவ்வழக்கு. வழக்கின் ஒரு தரப்பினர் கையிலே மிகப் பழைய உவமை ஒன்று இருந்தது. தந்தை வித்து, தாய் நிலம். வித்து எதுவோ அதுவே முளைக்கும். நிலம் அதற்கு ஈரமும் உணவும் இடமும் கொடுக்கும். நெல்லை விதைத்தால் நெல். எள்ளை விதைத்தால் எள். கேட்பதற்கு எவ்வளவு தெளிவாக இருக்கின்றது! உழவு செய்து வாழ்ந்த எல்லா மக்களுக்கும் இவ்வுவமை இயல்பாகவே தோன்றியிருக்கும். ஆயின் இதன் முடிவு கடுமையானது. தாய் என்பவள் பிறர் பொருளைச் சிறிது காலம் வைத்துக் காக்கும் பாதுகாவலி மட்டுமே என்று அது முடியும்.

இது வெறும் கற்பனை அன்று. கி. மு. 458இல் அதென்சு நகரிலே எஸ்கைலசு என்னும் புலவர் அரங்கேற்றிய நாடகத்தில் ஒரு நீதிமன்றக் காட்சி வருகின்றது. தாயைக் கொன்ற மகன் ஒருவன் கூண்டில் நிற்கின்றான். அவனுக்காக வாதாடும் தெய்வம், தாய் என்பவள் பெற்றோருள் ஒருத்தி அல்லள், வித்தை வளர்க்கும் செவிலியே என்று சொல்லி அவனை விடுவிக்க முயல்கின்றது. நம் பக்கத்திலே மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயம் பெண்ணை நிலமாகவும் ஆணை வித்தாகவும் வைத்துப் பிள்ளை யாருக்கு உரியது என்று ஆராய்கின்றது. பிறப்பைப் பற்றிய கொள்கை ஒன்று உரிமையைப் பற்றிய சட்டமாக மாறுவதை இவ்விரு இடங்களிலும் நாம் காண்கின்றோம். ஆதலின் இவ்வழக்கு ஆய்வுகூடத்தோடு நின்றுவிடும் வழக்கன்று.

மறுதரப்பும் பழைமையானதே. கிரேக்க மருத்துவரான இப்பொக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்து உண்டு என்றன. சரகர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல், பிள்ளையின் உடலிற் சில உறுப்புக்கள் தாயின் வழி வருவன, சில தந்தையின் வழி வருவன என்று பகுத்துக் கூறிற்று. சுக்கிலமும் சுரோணிதமும் சேர்ந்து கருவாகின்றது என்பது நம் சித்த வைத்தியருக்கும் பழகிய கொள்கை. நோயாளியின் அருகில் இருந்த வைத்தியர்கள், தாயின் முகச்சாயல் பிள்ளையிடம் இருப்பதைக் காணாமல் இருக்க முடியுமா?

இரு தரப்புக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொன்னவர் அரிஸ்டோட்டில். கி. மு. 384 முதல் 322 வரை வாழ்ந்த இவர் சொல்லளவில் வாதாடியவர் அல்லர். அடைகாத்த கோழி முட்டைகளை நாளுக்கு ஒன்றாக உடைத்து, உள்ளே குஞ்சு எவ்வாறு படிப்படியாக உருவாகின்றது என்று பார்த்தவர். வெண்கருவினிடையே இரத்தப் பொட்டொன்று துடிப்பதைக் கண்டு, அதுவே இதயம் என்று எழுதியவர். ஆயினும் அவர் தீர்ப்பு ஒருதலையாகவே அமைந்தது. தச்சன் மரத்துக்கு உருவம் கொடுப்பதுபோல ஆண் உருவத்தைக் கொடுக்கின்றான். பெண் வெறும் பொருளைக் கொடுக்கின்றாள் என்றார் அவர். கண்ணாற் கண்ட இடத்திலே சரியாகச் சொன்ன அறிஞர், கண்ணுக்கு எட்டாத இடத்திலே தம் காலத்து வழக்கத்தையே உண்மையாக எடுத்துக்கொண்டார். அவருடைய செல்வாக்கோ அடுத்த இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு நீடித்தது.

இதனிடையே உழவரிடம் ஒரு சான்று கிடந்தது. அறிஞர் அதனை எடுத்துப் பார்க்கவில்லை. பாபிலோன் நாட்டிலே பேரீச்சை வளர்ப்போர், மரங்களுள் ஆணும் பெண்ணும் உண்டு என்பதை அறிந்திருந்தனர். ஆண் மரத்தின் பாளையை வெட்டிக் கொண்டுவந்து பெண் மரத்தின் பாளையின்மேல் உதறினாற்றான் பழம் நிலைக்கும் என்பது அவர்களுடைய தொழிலறிவு. அரிஸ்டோட்டிலின் மாணவராகிய தியோபிராசுதசு அதனை எழுதியும் வைத்தார். வடபகுதியிற் பனையோடு வாழ்ந்த நம் மக்களுக்கும் ஆண்பனை, பெண்பனை என்னும் வேறுபாடு புதியதன்று. நுங்கும் பனம்பழமும் தருவது பெண்பனையே. பூக்கும் வரை எது ஆண், எது பெண் என்று சொல்லல் அரிது என்பதும் நாம் அறிந்ததே. ஆனால் அந்தத் தூள் என்ன செய்கின்றது, ஏனைய செடிகளுக்கும் ஆண் பெண் உண்டா என்ற கேள்விகள் எழுவதற்கு நெடுங்காலம் சென்றது.

இனிப் பதினேழாம் நூற்றாண்டுக்கு வருவோம். உடலில் இரத்தம் சுற்றி ஓடுவதை 1628இல் நிலைநாட்டிய வில்லியம் ஹார்வி, இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்ல்சின் வைத்தியர். மன்னர் வேட்டையாடிய பெண் மான்களை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. மான்கள் இணைசேரும் காலம் கழிந்த பின் ஒவ்வொன்றாக அறுத்தார். அரிஸ்டோட்டில் சொல்லியதுபோல விந்தும் இரத்தமும் கட்டியாகத் திரண்டு கருப்பையிற் கிடக்க வேண்டும் அல்லவா? ஒன்றும் இல்லை! பல வாரங்கள் வரை கருப்பை வெறுமையாகவே தோன்றியது. அரிஸ்டோட்டிலின் கொள்கை அங்கே சரிந்தது. ஆனால் அவ்விடத்தில் வைப்பதற்கு ஹார்வியிடம் வேறொன்றும் இல்லை. தொற்றுநோய் பரவுவதுபோல, காந்தம் இரும்புக்கு ஆற்றல் ஊட்டுவதுபோல, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆற்றல் தாயிடம் செல்கின்றது போலும் என்றார். 1651இல் வெளிவந்த அவருடைய நூலின் முகப்புப் படத்திலே தெய்வம் ஒன்று முட்டையைத் திறக்க, அதிலிருந்து மனிதன், மான், பறவை, பாம்பு, பூச்சி எல்லாம் வெளிவருகின்றன. எல்லா உயிர்க்கும் தொடக்கம் முட்டையே என்பது அதன் கருத்து. மானின் முட்டையையோ மனிதரின் முட்டையையோ ஹார்வி கண்டாரல்லர். எனினும் தேட வேண்டியது எது என்பதைக் காட்டிச் சென்றார்.

அதன் பின் 1668இல் இத்தாலியரான பிரான்சிஸ்கோ றெடி இறைச்சித் துண்டுகளைச் சாடிகளில் இட்டு, சிலவற்றைத் திறந்து வைத்தார். சிலவற்றை மெல்லிய துணியால் மூடினார். ஈ நுழைந்த சாடியிலே புழு உண்டாயிற்று. நுழையாத சாடியிலே உண்டாகவில்லை. அழுகலிலிருந்து புழு தானே பிறக்கும் என்ற நம்பிக்கைக்கு இது பெரிய அடி. புழுவுக்கும் தாய் உண்டு என்று ஆயிற்று.

அடுத்த காட்சி ஒல்லாந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில். ஒல்லாந்தர் நம் நெடுந்தீவுக்குச் சூட்டிய பெயர் இந்நகரின் பெயரே. ஒரே காலத்தில் இவ்வூரில் இருவர் வாழ்ந்தனர். ஒருவர் றைனியர் டி கிராவ் என்னும் இளம் வைத்தியர். இணைசேர்ந்த பெண் முயல்களைக் குறித்த நேரங்களில் அறுத்துப் பார்த்தார். சூலகத்திலே எத்தனை கொப்புளங்கள் வெடித்திருந்தனவோ அத்தனை குட்டிகள் கருப்பையில் இருந்தன. மூன்றாம் நாளில் அறுத்த முயலின் குழாய்களிலே மிகச் சிறிய உருண்டைகளையும் கண்டார். 1672இல் அவர் நூல் வெளிவந்தது. 1673இல் முப்பத்திரண்டு வயதிலே இறந்துபோனார். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்னர், தம் ஊரிலே துணி வணிகர் ஒருவர் வியத்தகு நுணுக்குக்காட்டிகள் செய்கின்றார் என்று இலண்டன் அரச கழகத்துக்கு அறிமுகக் கடிதம் எழுதினார். அந்த வணிகரே லீவன்ஹூக்.

நான்கு ஆண்டுகளின் பின், 1677இல், ஹாம் என்னும் மாணவர் ஒருவர் நோயாளி ஒருவரின் விந்தைக் கொண்டுவந்து அதிலே உயிர்கள் அசைகின்றன என்று லீவன்ஹூக்கிடம் காட்டினார். லீவன்ஹூக் தாமும் சோதித்தார். நோயில்லாதவரின் விந்திலும் அவை வாலசைத்து நீந்துவதைக் கண்டார். அரச கழகத்துக்கு எழுதும்போது, இது தகாத செய்தி என்று கருதினால் வெளியிடாது விடுக என்று பணிவோடு குறிப்பிட்டார். அக்காலத்தில் இப்பொருளைப் பேசுவதற்கே எவ்வளவு தயக்கம் இருந்தது என்பது இதனாற் புலனாகும்.

ஒருவர் பெண்ணின் முட்டையை அணுகினார். மற்றவர் ஆணின் விந்துயிரைக் கண்டார். இருவரும் ஒரே ஊரவர். இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் வழக்கு அன்றே தீர்ந்திருக்கும் என்று நாம் நினைக்கின்றோம். நடந்தது அதுவன்று. அறிஞர் இரு கட்சிகளாகப் பிரிந்தனர். முட்டைக் கட்சியினர், முழு உயிரும் சிறிய வடிவில் முட்டைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது, விந்து அதனைத் தூண்டிவிடுகின்றது, அவ்வளவே என்றனர். விந்துக் கட்சியினர், முழு உயிரும் விந்துக்குள்ளே இருக்கின்றது, முட்டை அதற்கு உணவுப் பை என்றனர். ஹார்ட்சூக்கர் என்பவர் 1694இல் விந்தின் தலைக்குள்ளே ஒரு குறுமனிதன் முழங்காலைக் கட்டிக் குந்தியிருப்பதாகப் படம் வரைந்தார். அவர் அப்படிக் கண்டேன் என்று சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியுமானால் இவ்வாறு இருக்கலாம் என்றே சொன்னார். முட்டைக்குள் மகள், அம்மகளின் முட்டைக்குள் பேர்த்தி என்று அடுக்கிக்கொண்டே போனால், முதற்றாயின் வயிற்றிலேயே மனித குலம் முழுவதும் சிமிழுக்குள் சிமிழாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? அதனையும் அவர்கள் துணிந்து ஏற்றனர்.

முட்டைக் கட்சிக்கு 1740இல் ஒரு வலுவான சான்றும் கிடைத்தது. செனீவா நகரத்துச் சார்ல்சு பொனே என்னும் இளைஞர் அழுக்கணவன் என்னும் செடிப்பேன் ஒன்றைப் பிறந்த கணம் முதல் தனியே அடைத்து வைத்தார். ஆணின் முகத்தையே காணாத அது தொண்ணூற்றைந்து குஞ்சுகளை ஈன்றது. ஆணின்றியும் பிறப்பு உண்டு என்பது உண்மையே. சில உயிர்களுக்கு அது இயல்பு. கிழங்கிலிருந்தும் குட்டியிலிருந்தும் முளைக்கும் வாழை நமக்குத் தெரியாததா? ஆனால் ஓர் அழுக்கணவனுக்குப் பொருந்துவதை எல்லா உயிர்க்கும் விதியாக்கியது பிழை.

இவ்விரு கட்சியும் தம்முள் எவ்வளவு சண்டையிட்டாலும் ஒன்றில் மட்டும் உடன்பட்டன. பெற்றோருள் ஒருவரே உண்மையான பெற்றார். மற்றவர் துணை மட்டுமே! பிள்ளை தாயையும் தந்தையையும் ஒருங்கே ஒத்திருப்பதை இவர்களால் விளக்க முடியவில்லை. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை இவர்கள் வீதிகளிலேயே பொதி சுமந்து சென்றது. அதன் உடலிற் குதிரையும் தெரிந்தது, காதிற் கழுதையும் தெரிந்தது. கொள்கை கண்ணை மறைக்கும்போது எதிரே நிற்கும் சாட்சியும் தெரிவதில்லை.

வழக்கைத் திருப்பியவை வாய் பேசாத செடிகள். ஜேர்மனியிலே டியூபிங்கன் நகரத் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பாயிருந்த கமெறாறியசு, ஆமணக்குச் செடியிலே ஆண் பூக்களை மலருமுன் கிள்ளிவிட்டார். காய் தோன்றியது, உள்ளே முளைக்கும் விதை இல்லை. சோளப் பொத்தியின் தலையிலுள்ள பட்டுநூல் போன்ற இழைகளை அகற்றினார்; பொத்தியில் மணி பிடிக்கவில்லை. 1694இல் இவற்றை ஒரு நீண்ட கடிதமாக எழுதி வெளியிட்டார். பூவின் தூளே ஆண் வித்து. பூவின் நடுவே இருப்பது பெண்ணுறுப்பு. அழகுக்காக இறைவன் படைத்தது என்று கவிஞர் பாடிய பூ, செடியின் மணவறையாக விளங்கிற்று.

அரை நூற்றாண்டின் பின், 1749இல், பேர்லின் நகரிலே ஒரு பெண் பனை பல்லாண்டுகளாக மலடாக நின்றது. அது நம் பனையன்று. அதன் இனத்தைச் சேர்ந்த விசிறியோலை மரம். கிளெடிச்சு என்பவர் லைப்சிக் நகரத்து ஆண் மரத்தின் பூந்தூளை அஞ்சலில் வருவித்து அப்பெண் மரத்தின் பூக்களில் தூவினார். மரம் காய்த்தது; விதை முளைத்தது. பாபிலோன் உழவன் அறிந்திருந்ததை ஐரோப்பிய அறிஞர் அன்று ஏற்றனர்.

இச்சமயத்திலே நம் இலங்கைத் தாவரங்களும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக 1670களில் இங்கே பணியாற்றிய போல் ஹெர்மன், செடிகளைத் திரட்டி உலர்த்தித் தொகுத்தார். அத்தொகுதி பல கைகள் மாறி, சுவீடன் நாட்டு லின்னேயசிடம் 1744இல் சேர்ந்தது. அவர் தாவரங்களைப் பூவின் ஆண், பெண் உறுப்புக்களின் எண்ணிக்கை கொண்டே வகுத்தவர். அம்முறைப்படி 1747இல் அவர் வெளியிட்டதே 'புளோரா சைலானிக்கா' என்னும் இலங்கைத் தாவர நூல். ஒரு பூவில் ஒரு பெண்ணுறுப்பைச் சுற்றிப் பல ஆணுறுப்புக்கள் இருப்பதாகச் சொல்வது ஒழுக்கத்துக்கு மாறானது என்று சீகெசுபெக் என்னும் அறிஞர் சினந்தெழுந்தார். பூக்களுக்கு ஒழுக்கம் கற்பிக்க முயன்றவர் அவர்!

ஆனால் பூந்தூளும் சூலும் சேருமிடத்தில் யாருடைய பங்கு எவ்வளவு? இக்கேள்வியை நேராகச் செடியிடமே கேட்டவர் கோல்றொய்ட்டர். புகையிலையில் இரண்டு இனங்களை எடுத்தார். முதலினத்தின் பூந்தூளை இரண்டாமினத்தின் பூவிலே இட்டார். பின்னர் மாற்றி, இரண்டாமினத்தின் பூந்தூளை முதலினத்தின் பூவிலே இட்டார். வித்துத்தான் எல்லாம் என்றால், முதலிற் கிடைக்கும் செடி முதலினத்தைப்போல இருக்க வேண்டும். அடுத்தது இரண்டாமினத்தைப்போல இருக்க வேண்டும். நிலந்தான் எல்லாம் என்றால் எதிர்மாறாக இருக்க வேண்டும். நடந்தது யாது? இருவகையாகக் கலந்தபோதும் கிடைத்தவை ஒன்றுபோலவே இருந்தன. இரு பெற்றோருக்கும் இடைப்பட்ட தோற்றத்தோடு இருந்தன. 1761இல் இதனை அவர் வெளியிட்டார். தாய் யார், தந்தை யார் என்று மாற்றிப் போட்டாலும் பிள்ளை மாறவில்லை. பங்கு சமன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறு வேண்டுமா?

வேண்டியிருந்தது, நேயர்களே. ஏனெனிற் செடிக்குரியது விலங்குக்கும் மனிதனுக்கும் உரியதாகுமா என்று அறிஞர் தயங்கினர். இத்தாலியப் பேராசிரியர் ஸ்பலன்சானி ஆண் தவளைகளுக்கு மெழுகு பூசிய துணியாற் காற்சட்டை தைத்து அணிவித்தார். தவளைகள் வழக்கம்போல இணைந்தன, முட்டைகள் பொரிக்கவில்லை. காற்சட்டையிலே தங்கிய துளிகளை எடுத்து முட்டைகளில் தடவினார்; வாற்பேய்கள் பிறந்தன. ஒரு பெண் நாயைத் தனியே அடைத்து வைத்து விந்தை ஊசிக்குழலாற் செலுத்தினார். அறுபத்திரண்டு நாளின் பின் மூன்று குட்டிகள் பிறந்தன. விந்தைத் தாள்களால் வடித்தபோது, வடிந்த நீருக்கு ஆற்றலில்லை. தாளிலே தங்கியதற்கே ஆற்றல் இருந்தது. விடை அவர் கையிலேயே இருந்தது. ஆயினும் அவர் முட்டைக் கட்சியைச் சேர்ந்தவர். விந்துயிர்கள் வெறும் ஒட்டுண்ணிகள் என்ற தம் கருத்தை இறுதிவரை விடவில்லை. சோதனை செய்த கை சரியாகச் செய்தது. தீர்ப்புச் சொன்ன மனம் முன்னமே முடிவு கட்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின. 1824இற் பிறெவோசு, டூமா என்னும் இருவர் வடித்தற் சோதனையை மீண்டும் செய்து, விந்துயிர்கள் இன்றிக் கருக்கட்டல் இல்லை என்று காட்டினர். 1827இல் வொன் பேயர், ஒரு பெண் நாயின் சூலகக் கொப்புளத்துக்குள்ளே மஞ்சட் புள்ளி ஒன்றைக் கண்டார். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது அதுவே முட்டை என்று தெளிந்தார். டி கிராவ் அணுகியதை உலகம் உறுதியாகக் காண 155 ஆண்டுகள் சென்றன. மனித முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு மட்டுமே என்பதை நினைத்தால் இத்தாமதம் வியப்பன்று.

பூவிலும் இவ்வாறே. இத்தாலியரான அமிச்சி, பூந்தூளிலிருந்து நுண்குழாய் ஒன்று வளர்ந்து சூலை நோக்கி இறங்குவதை 1823 முதல் 1830 வரை பின்தொடர்ந்து கண்டார். ஆனால் அங்கும் பழைய உவமை தலைநீட்டிற்று. சிலைடன் என்னும் புகழ்பெற்ற தாவரவியலார், அக்குழாயின் நுனியே சூலுக்குள் புகுந்து முளையமாகின்றது என்று வாதித்தார். மீண்டும் வித்தும் நிலமும்! இதனை மறுத்தவர்களுள் ஹொப்மைசுட்டர் என்பவர் நூலும் இசைத்தாளும் விற்ற வணிகர். வேலை நேரம் போக எஞ்சிய பொழுதிலே தாமாகக் கற்றவர். முளையம் பிறப்பது சூலினுள் ஏற்கனவே இருக்கும் முட்டைக் கலத்திலிருந்தே என்று 1849இல் அவர் நிலைநாட்டினார்.

முடிவான சாட்சி கடலிலிருந்து வந்தது. கடல் முள்ளி என்னும் சிற்றுயிரின் முட்டை கண்ணாடிபோலத் தெளிந்தது. ஒஸ்கார் ஹேர்ட்விக் என்னும் இளம் ஜேர்மானியர் மத்தியதரைக் கடற்கரையிலிருந்து அதனை நுணுக்குக்காட்டியிற் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டைக்குள்ளே ஒரு கரு இருந்தது. விந்து புகுந்ததும் அதனருகே இரண்டாவது கரு ஒன்று தோன்றிற்று. இரண்டும் மெல்ல நெருங்கின, ஒன்றாயின. அதன் பின் முட்டை பிளந்து வளரத் தொடங்கிற்று. 1876இல் இது வெளியாயிற்று. 1883இல் வன் பெனெடன், குதிரையின் குடற்புழு ஒன்றிலே, முட்டையின் கரு தரும் நிறமூர்த்தங்களும் விந்தின் கரு தரும் நிறமூர்த்தங்களும் எண்ணிக்கையிற் சமன் என்று கண்டார். 1884இல் ஸ்றாஸ்பேர்கர், பூக்குந் தாவரங்களிலும் இரு கருக்கள் ஒன்றாவதைக் கண்டார். புழுவுக்கும் பூவுக்கும் கடல் முள்ளிக்கும் விதி ஒன்றே. எஸ்கைலசின் நாடகத்தில் தொடங்கிய வழக்குக்கு இவ்வாறு இருபத்துமூன்று நூற்றாண்டுகளின் பின் தீர்ப்புக் கிடைத்தது.

பின் வந்தவை அத்தீர்ப்பின் விரிவுரைகள். துறவி மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிச் சோதனைகள் 1900இல் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. இயல்புகள் இரு பெற்றோரிடமிருந்தும் தனித்தனி அலகுகளாக வருகின்றன என்பது அவற்றின் சாரம். 1905இல் அமெரிக்கப் பெண் அறிஞர் நெற்றி ஸ்டீவன்சு, ஒரு வண்டினத்திலே, பிறப்பது ஆணா பெண்ணா என்பது விந்து கொண்டுவரும் நிறமூர்த்தத்தைப் பொறுத்தது என்று காட்டினார். மனிதருக்கும் அதுவே விதி. சாவகத் தீவிற் பிறந்த ஜோ ஹின் ஜியோ, லெவன் என்பவரோடு சேர்ந்து, மனிதரின் நிறமூர்த்தங்கள் 46 என்று 1956இல் உறுதியாக எண்ணினார். இருபத்துமூன்று தாயிடமிருந்து, இருபத்துமூன்று தந்தையிடமிருந்து. கலத்துக்கு ஆற்றல் வழங்கும் இழைமணிகள் என்னும் நுண்ணுறுப்புக்களோ தாயின் முட்டை வழியாகவே பிள்ளைக்கு வருகின்றன. வெறும் நிலம் என்று சொல்லப்பட்டவளின் பங்கு சரி பாதிக்குச் சற்று மேலாகவே முடிந்தது!

1978ஆம் ஆண்டு யூலை 25ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டம் நகரிலே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எட்வேர்ட்சு, ஸ்ரெப்ரோ, ஜீன் பேர்டி என்னும் மூவரின் முயற்சியால், அக்குழந்தையின் தொடக்கம் தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடிக் கலனில் நிகழ்ந்தது. அதன் பின் உலகெங்கும் இலட்சக் கணக்கான பெற்றோரின் கைகளில் இம்முறையாற் பிள்ளைகள் தவழ்ந்தன. எட்வேர்ட்சுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்ற இருவரும் அதற்கு முன்னரே மறைந்துவிட்டனர். ஹார்வி மானின் வயிற்றிலே தேடிக் காணாத அக்கணத்தை மனிதன் தன் கண்முன்னே நிகழ வைத்தான்.

நேயர்களே, அறிவுலகத்திலே தீர்ந்த வழக்கு வீடுகளிலே தீர்ந்துவிட்டதா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டிலே 'மலடி' என்ற சொல் எவ்வளவு எளிதாக எழுகின்றது! 'மலடன்' என்ற சொல்லை நாம் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்? குறை மனைவியிடமும் இருக்கலாம், கணவனிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம் என்பதே மருத்துவம் சொல்லும் உண்மை. ஆயினும் வைத்தியரிடம் முதலில் அனுப்பப்படுபவள் பெரும்பாலும் பெண்ணே. மூன்றாவதும் பெண்ணாய்ப் பிறந்தது என்று தாயைக் குறை கூறும் மாமியார், ஆணா பெண்ணா என்பதை நிறுத்தது தம் மகனின் விந்தே என்பதை அறிந்தால் என்ன சொல்வார்? அந்த மகனையும் குறை கூறுவதற்கில்லை. அது எவருடைய விருப்பத்துக்கும் கட்டுப்பட்டதன்று.

வித்தும் நிலமும் என்ற உவமையை முற்றாக எறிந்துவிடவும் வேண்டியதில்லை. அதனைச் சற்று உற்று நோக்கினாற் போதும். உழவன் கையிலுள்ள நெல்மணி ஆண் வித்தன்று. சென்ற போகத்திலே ஒரு பூவின் தூளும் ஒரு சூலின் முட்டையும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. வித்து என்று நாம் சொல்வதற்குள்ளேயே தாயும் இருக்கின்றாள், தந்தையும் இருக்கின்றான். இதனை அரிஸ்டோட்டில் அறியவில்லை, நாம் அறிவோம். அறிந்தபடி நடப்பதே இனி எஞ்சியிருப்பது.